ஹிஸ்லப் செய்தது லேசான வேலையா?

கேள்வி: பிரிட்டனின் ‘பிரைவேட் ஐ’ நையாண்டிப் பத்திரிகையின் ஆசிரியர் இயான் ஹிஸ்லப், டிவியில் உட்கார்ந்து சிரிப்புக் காட்டுகிறவர்தானே? அவரைப் போய்ப் பெரிய பத்திரிகையாளர் என்கிறீர்கள். அடுத்தவரைக் கிண்டல் செய்வது லேசான வேலை இல்லையா?

பதில்: இல்லை. 1986-இல் ரிச்சர்ட் இங்கிராம்ஸ் விலகி, ஹிஸ்லப் ஆசிரியராக வந்தபோது வயது 26. அந்த ஆண்டே ‘மிரர்’ பத்திரிகைகளின் முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் தொடுத்திருந்த அவதூறு வழக்கில் பத்திரிகை தோற்று, 55,000 பவுண்டு நஷ்டஈடு கட்ட வேண்டி வந்தது. 1991-இல் மேக்ஸ்வெல் கடலில் விழுந்து இறந்த பிறகுதான், தன் ஊழியர்களின் ஓய்வூதியப் பணத்திலேயே அவர் கைவைத்திருந்தது ஊருக்குத் தெரிந்தது.

1989-இல் இன்னொரு அவதூறு வழக்கு. தொடர் கொலைகாரன் ஒருவனின் மனைவி போட்டது. ஜூரி விதித்த தொகை 6 லட்சம் பவுண்டு. ஒரு சிறு பத்திரிகையை இழுத்து மூட அது போதும். கோர்ட்டுக்கு வெளியே வந்து நின்ற ஹிஸ்லப், “இது நீதி என்றால் நான் ஒரு வாழைப்பழம்” என்றார். மேல்முறையீட்டுக்குப் பிறகு 60,000 பவுண்டில் முடிந்தது. அந்த வாழைப்பழ வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதைச் சொன்ன நேரத்தில் அவர் தலைமேல் எவ்வளவு கடன் தொங்கியது என்பதை மறந்துவிடுகிறோம்.

சரி, டிவிக்கு வருவோம். செய்திகளைக் கிண்டலடிக்கும் ‘ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ’ என்ற வினாடி-வினா நிகழ்ச்சி 1990-இல் தொடங்கியதிலிருந்து அவர் அதில் இருக்கிறார். ஒருமுறை குடல்வால் வலியோடு படப்பிடிப்பை முடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார். அந்த முகத்தால் பத்திரிகைக்கு வாசகர் கூடினார்கள் என்றே நினைக்கிறேன். ஜோக்குக்காக வாங்கியவர்கள் புலனாய்வுச் செய்திகள் வரும் பின்பக்கங்களையும் புரட்டினார்கள்.

அந்தப் பின்பக்கங்கள்தான் எனக்கு முக்கியம். பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் ‘ஹொரைசான்’ மென்பொருள் காட்டிய தவறான கணக்கை நம்பி, கிளை அஞ்சலகம் நடத்தியவர்களைத் திருடர்கள் என்றார்கள். கணக்கில் துண்டு விழுந்ததாகத் திரை காட்டும். விழுந்ததைக் கைக்காசு போட்டுக் கட்டியும் ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு. 900-க்கும் மேற்பட்டோருக்குத் தண்டனை. இதை முதலில் 2009-இல் வெளியிட்டது ‘கம்ப்யூட்டர் வீக்லி’ என்ற கணினித் துறைப் பத்திரிகை. அந்தப் பெருமை அவர்களுக்கே. 2011-இலிருந்து ‘பிரைவேட் ஐ’ விடாமல் எழுதியது. பெரும்பாலான மக்கள் விழித்துக்கொண்டது 2024 ஜனவரியில், ஒரு டிவி தொடரைப் பார்த்து. நடுவில் பதின்மூன்று வருடம்! பெரிதாக யாரும் கவனிக்காத ஒரு செய்திக்கு இதழுக்கு இதழ் இடம் ஒதுக்குவது எவ்வளவு பிடிவாதம் கேட்கும் வேலை என்று, பக்கம் ஒதுக்குகிற எனக்குத் தெரியும்.

அவரிடம் குறை இல்லையா என்றால், உண்டு. குழந்தைகளுக்குத் தட்டம்மை முதலிய நோய்கள் வராமல் போடும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்று தவறாகச் சொன்ன அன்றைய மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் பக்கம் சாய்ந்து, 2002-இல் தனிச் சிறப்பிதழே போட்டார்கள். 2010-இல் அவர்களுடைய மருத்துவப் பத்தியாளரே, நாம் தவறிவிட்டோம் என்று எழுதினார். அதற்குள் எத்தனை பெற்றோர் பயந்து ஊசி போடாமல் விட்டார்களோ! இதை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. ஹிஸ்லப்பை விமர்சிக்க வேண்டுமானால் டிவியை விடுங்கள், இந்த 2002 இதழைப் பிடியுங்கள். அப்போது நானும் உங்கள் பக்கம் நிற்பேன்.