மக்கிய பாறையிலும் களிமண்ணிலும் அருமண் தனிமங்களை எப்படித் தேடுவது?

மண்ணைப் பார்த்தே அருமண் தனிமம் (rare earth) இருக்கிறதென்று சொல்ல முடியுமா, ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. பல வருடமாக மண் மாதிரி எடுக்கிற எனக்கே, நல்ல மண்ணும் வெறும் மண்ணும் கையில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

முதலில் தாய்ப்பாறையை, அதாவது எந்தப் பாறை மக்கி அந்த மண் ஆனதோ அதைப் பாருங்கள். பாஸ்ட்னசைட் போல எளிதில் சிதையும் அருமண் கனிமங்கள் உள்ள கிரானைட் என்றால் நல்லது. மோனசைட், செனோடைம் என்ற அருமண் கனிமங்கள் சுலபத்தில் கரையாது. கிரானைட் மக்கிக் களிமண்ணாகும்போது, கரைந்த அருமண் அயனிகள் மழைநீரோடு கீழே இறங்குகின்றன. மேல்மண்ணில் அமிலத்தன்மை அதிகம். கொஞ்சம் ஆழத்தில் அது குறைந்ததும், அந்த அயனிகள் கயோலினைட் என்ற களிமண் கனிமத்தின் துகள்கள் மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் 1969-ல் கண்டறிந்தது இந்த வகைப் படிவத்தைத்தான். பொதுவாக அளவு 0.05 முதல் 0.2 சதவீதம் வரைதான். ஆனால் பாறையை உடைத்து அரைக்கிற வேலையே இல்லை, உப்புக் கரைசலிலேயே கழன்று வந்துவிடும். டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கனமான அருமண்களுக்கு உலகம் பெரிதும் இந்தக் களிமண்ணைத்தான் நம்பியிருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த தடயம் சீரியம், அதுவும் ஒரு அருமண் தனிமம்தான். மற்றவை கீழே இறங்கும்போது சீரியம் மட்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து, கரையாத ஆக்சைடாக மேலேயே தங்கிவிடும். மேல்மண்ணில் சீரியம் மிகுந்தும் அதற்குக் கீழே அது குறைந்தும் இருந்தால், மற்றவை இறங்கிப் போய்ச் சேர்ந்த இடம் அங்கே இருக்கக்கூடும். அதனால்தான் மேல்மண் முடிவை மட்டும் வைத்து ஒரு மேட்டை ஒதுக்கக் கூடாது.

களத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு பிடி மண்ணை அம்மோனியம் சல்பேட் கரைசலில் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, தெளிந்த நீரில் ஆக்சாலிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அருமண் இருந்தால் பால் கலந்ததுபோல வெண்மையாகக் கலங்கும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று குழாயைக் கீழே வைக்க மனமே வரவில்லை. ஆனால் சுண்ணாம்பு இருந்தாலும் இப்படியே கலங்கும். இதை வைத்து முடிவு கட்டாமல், எந்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று பிரிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

மண்ணில் என்னென்ன தனிமம் இருக்கிறதென்று காட்டும் கையடக்க எக்ஸ்ரே கருவியிலும் கவனம் தேவை. ஒருமுறை செம்மண்ணில் டிஸ்ப்ரோசியம் எக்கச்சக்கமாகக் காட்டியது. பார்த்தால் எல்லாம் இரும்பு! தனிமத்தை அடையாளம் காட்டும் எக்ஸ்ரே கோடுகள் இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வந்த குழப்பம். அப்புறம் நான் அந்தக் கருவியில் இட்ரியம் என்ற அருமண் தனிமத்தை மட்டுமே நம்புகிறேன். அதன் கோடு இரும்பின் கோட்டிலிருந்து வெகுவாகத் தள்ளி நிற்கும், கனமான அருமண்களும் பெரும்பாலும் அதோடுதான் சேர்ந்திருக்கும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது இரண்டு அளவுகளைக் கேளுங்கள்: மண்ணில் மொத்தம் எவ்வளவு, அம்மோனியம் கரைசலில் கழன்று வருவது எவ்வளவு. மொத்தம் அதிகமாக இருந்தும் பெரும்பகுதி மோனசைட்டுக்குள் பூட்டிக் கிடந்தால், இந்த முறையில் அது வெளியே வராது. குழி தோண்டும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் தனிப் பை, பையின் மேல் ஆழம். மேல்மண்ணை அடிமண்ணோடு கலந்துவிட்டால், சீரியம் காட்டிக்கொடுக்கிற தடயமும் அதோடு போய்விடும்.