எங்கள் சேகரத்தில் (சி.எஸ்.ஐ. சபைகளின் வட்டாரத் தொகுப்பு) சாரணர் குழு தொடங்கலாமா? மற்றச் சபைப் பிள்ளைகள் வருவார்களா?

தாராளமாகத் தொடங்கலாம். நீங்கள் கேட்பது பாளையங்கோட்டைக்கு என்பதால், அமெரிக்க சர்ச்சுகள் செய்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவில் ஒவ்வொரு சாரணர் குழுவுக்கும் ஒரு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். கூடுவதற்கு இடம் தந்து, தலைவர்களைத் தேர்ந்தெடுப்பதும் அதன் வேலை. மெதடிஸ்ட் சபைகள் பெரும்பாலும் மண்டபத்தைத் திறந்துவிட்டு, எந்த வீட்டுப் பிள்ளை வந்தாலும் சேர்த்துக்கொள்ளும். மார்மன் சபை 1913 முதல் சாரணர் பயிற்சியையே தன் பையன்களுக்கான ஊழியமாக வைத்திருந்தது. 2019 முடிவில் அது சாரணர் இயக்கத்திலிருந்து விலகியபோது லட்சக்கணக்கான பையன்கள் மொத்தமாக வெளியேறினார்கள். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் ஏழாம் நாள் சபையாருக்கு 1950 முதல் பாத்ஃபைண்டர், அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபைக்கு 1962 முதல் ராயல் ரேஞ்சர்ஸ் என்று தனி இயக்கங்களே உண்டு.

நம் பக்கம் டி.டி.டி.ஏ. (சி.எஸ்.ஐ. திருநெல்வேலித் திருமண்டலம்) பள்ளியானாலும் ஆர்.சி. பள்ளியானாலும் சாரணர் படை பள்ளியுடையது, நடத்துவது பள்ளி ஆசிரியர். சபை பின்னால்தான் நிற்கிறது. இது மிக நல்ல ஏற்பாடு என்று உறுதியாக நம்புகிறேன். ஞாயிறு காலையில் ஒரே தெருப் பிள்ளைகள் சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்தே என்று ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். சாரணர் அணியில் அவர்களோடு இந்துப் பையனும் மேலப்பாளையத்து முஸ்லிம் பையனும் சேர்ந்து கூடாரம் அடிக்கிறார்கள். சேகரம் குழு தொடங்கி இதைக் கெடுத்துவிடக் கூடாது.

அதனால் முதலில் பக்கத்துப் பள்ளிச் சாரண ஆசிரியரைப் பாருங்கள். பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பள்ளி சாராத திறந்த குழுவும் பதியலாம். மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். தலைவராக வருபவர் அடிப்படைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். வாலிபர் சங்கச் செயலாளர் என்பதற்காக மட்டும் யாரையும் போடாதீர்கள்.

அப்புறம், கூடும் நேரம். சனிக்கிழமை பகலில் வைத்தால் ஏழாம் நாள் சபைப் பிள்ளைகள் வர முடியாது, ஞாயிறு காலை மற்றச் சபைப் பிள்ளைகளுக்கு ஆகாது. ஞாயிறு மாலை நான்கு மணி பரவாயில்லை. முகாமில் சர்வ சமயப் பிரார்த்தனை நடக்கும். சில பெற்றோருக்கு, குறிப்பாகப் பெந்தெகொஸ்தே வீடுகளில், அது தயக்கம் தரும். முகாமுக்குப் புறப்படும் அன்று சொல்லாமல், பிள்ளையைச் சேர்க்கும்போதே வீட்டுக்குப் போய் விளக்கிவிடுங்கள். சேகரத்து ஐயரும் (போதகர்) கூட வந்தால் இன்னும் நல்லது.