ரொனால்டோ பகிர்ந்த பாட்டும் மதாம் எழுதிய வரியும்

கேள்வி: இத்தாலியின் இளம் ராப் பாடகி மதாமை ஏன் இப்படித் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள்? கால்பந்து வீரர் ரொனால்டோ இன்ஸ்டாகிராமில் அவருடைய பாட்டைப் பகிராமல் இருந்திருந்தால், அந்தப் பெண்ணை யாருக்குத் தெரிந்திருக்கும்?

பதில்: ரொனால்டோ பகிர்ந்தது உண்மைதான். 2019இல், அவர் இத்தாலியின் யுவெந்தஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, 'ஷிக்கெரீயே' என்ற பாட்டைத் தன் பக்கத்தில் ஒலிக்கவிட்டார். விச்சென்சா வட்டாரத்தில் வளர்ந்த, 2002இல் பிறந்த ஃபிரான்செஸ்கா கலெயாரோ என்ற பெண்ணை, அதாவது மதாமை, நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் அப்படிக் கூடும் கூட்டம், பாட்டுக்குள் சரக்கு இல்லையென்றால், வந்த வேகத்திலேயே கலைந்துவிடும். பதினாறு வயதில் அவர் வெளியிட்ட அந்தப் பாட்டில் என்ன இருந்தது என்பதல்லவா நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி?

இத்தாலிய மொழியில் ராப் எழுதுவது எளிதன்று. அம்மொழிச் சொற்களில் மிகப் பெரும்பாலானவை உயிரொலியில் முடிகின்றன. அழுத்தமும் பெரும்பாலும் ஈற்றசைக்கு முந்தைய அசையிலேயே விழுவதால், தாளத்தின்மேல் சொல்லை அடித்து நிறுத்த வேண்டிய இடத்தில் ஓர் உயிரொலி வாலாக நீண்டு நிற்கும். மதாம் அந்த வாலை நறுக்கினார். வேறு சில இடங்களில் அழுத்தத்தையே இடம்பெயர்த்து, இத்தாலியருக்கே முதல் தடவை கேட்கையில் சொல் பிடிபடாதபடி பாடினார். இதை உச்சரிப்புக் கோளாறு என்று ஒதுக்குவது பெரும் தவறு; சொல்லின் ஓசையைத் தெரிந்தே வளைத்த ஒரு கவிஞரின் வேலை அது.

2021 மார்ச்சில், கொரோனாவால் பார்வையாளரே இல்லாமல் நடந்த, இத்தாலியின் புகழ்பெற்ற பாட்டுப் போட்டியான சான்ரெமோ விழாவில், பழம்பாடல்களுக்கான இரவில் அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். அத்ரியானோ செலந்தானோ 1972இல் வெளியிட்ட, ஆங்கிலம்போல ஒலித்தாலும் பெரும்பாலும் பொருளே இல்லாத சொற்களால் ஆன பாட்டை! பொருளுக்கு முன்னால் ஓசை என்பதை அறிந்தவர் செய்யும் தேர்வு அது. அதே விழாவில் அவர் பாடிய 'வோச்செ', அதாவது 'குரல்', தொலைந்துபோன காதலரிடம் பேசுவதுபோலத் தன் சொந்தக் குரலிடமே பேசும் பாட்டு. போட்டியில் அதற்குக் கிடைத்தது 8ஆம் இடம். எனினும் சிறந்த பாடல்வரிக்கான செர்ஜோ பர்தோத்தி விருது அதற்கே போயிற்று.

அவ்வாண்டே தெங்கோ விருதுகளும் வந்தன. 1967இல், அதே சான்ரெமோ விழாவில் தன் பாட்டு நிராகரிக்கப்பட்ட இரவில் உயிர்நீத்த பாடலாசிரியர் லூயிஜி தெங்கோவின் பெயரால், இசை பற்றி எழுதுவோர் வாக்களித்து வழங்கும் விருதுகள் அவை. எழுத்தையும் இசையையும் எடைபோடும் அந்த இடத்தில், ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த அறிமுக ஆல்பம் ஆகிய இரண்டையும் 19 வயது ராப் பாடகி ஒருவர் பெற்றார். அந்த வாக்குகளை எந்தக் கால்பந்து வீரரும் வாங்கித் தந்திருக்க முடியாது.

2023இல் அவர் மறுபடி சான்ரெமோவுக்கு வந்தார். குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் அந்த மேடையில், பாலியல் தொழிலில் இருக்கும் ஒரு பெண்ணின் வாயால் பேசும் பாட்டைப் பாடி 7ஆம் இடம் பெற்றார். முதலில் 'வோச்செ'யைக் கேளுங்கள்; பிறகு இதைக் கேட்டுவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.