மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே சட்டை

கேள்வி (வாசகி, மார்த்தாண்டம்): என் மகள் எந்நேரமும் கொரியா நாடகம்தான். நிச்சயம் முடிந்த கையோடு மாப்பிள்ளைப் பையனுக்கும் தனக்கும் ஒரே மாதிரி மஞ்சள் டீ-ஷர்ட் வாங்கி வைத்திருக்கிறாள். பேண்டு செட்டுக்காரர்கள் மாதிரி இருக்கும் என்றால் கோபம் வருகிறது. நீங்கள் கொரியா போய் வந்தவர் ஆயிற்றே, அங்கே நிஜமாகவே இப்படித்தானா?

பதில்: நிஜம்தான். 'கப்பிள் லுக்' என்பார்கள். சியோலில் மியோங்டாங், ஹோங்டே பக்கம் சாயங்காலம் நடந்தால் ஒரே கோட்டு, ஒரே ஷூ, சில சமயம் தொப்பிகூட ஒன்றாக ஜோடிகள் எதிரே வருவார்கள். ஜேஜு தீவில் கேட்கவே வேண்டாம், 1989-ல் வெளிநாட்டுப் பயணக் கட்டுப்பாடு நீங்கும்வரை கல்யாணம் ஆன கையோடு அவர்கள் ஓடியது அங்கேதான், இப்போதும் வசந்தகாலத்தில் மஞ்சள் பூ விரிந்து கிடக்கிற தோட்டங்களில் ஜோடி ஜோடியாக நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பழக ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணி நூறாவது நாளைக் கொண்டாடுவது, ஒரே மாதிரி மோதிரம் போடுவது எல்லாம் இதோடு சேர்ந்ததுதான்.

ஏன் துணியில் காட்டுகிறார்கள் என்று கேட்டால், என் கணக்கு இது: மெட்ரோ ரயிலில் பெரியவர்கள் எதிரில் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தால் அங்கேயும் முகம் சுளிப்பார்கள், சட்டையை யார் என்ன சொல்ல முடியும்? எனக்குப் பிடித்தது அந்த ஊர்ப் பையன்கள்தான். நம்மூர் ஆண்பிள்ளை ஜவுளிக்கடைக்கு வந்தால் ஸ்டூலில் உட்கார்ந்து போனை நோண்டுவார், பில் போடும்போதுதான் எழுந்திருப்பார். அங்கே அவனும் கூடவே நின்று இந்த நிறம் உனக்கு நன்றாக இருக்கிறது, எனக்கு எடுபடவில்லை என்று பேசி எடுக்கிறான். இத்தனைக்கும், கேரள எல்லை தாண்டினால் நாயர் வீட்டுக் கல்யாணங்களில் மணமகன் பெண்ணுக்குப் புடவை கொடுப்பதுதான் முக்கியச் சடங்கே. துணியில் அன்பைக் காட்டுவது நமக்கொன்றும் புதிதில்லை. மகளை விட்டுவிடுங்கள், மாப்பிள்ளைக்கு அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகி, கொல்லங்கோடு): ஓணத்துக்கு நானும் கணவரும் ஒரே மாதிரி உடுத்த எனக்கு ஆசை. அவர் "ஆளுகள் சிரிக்கும்" என்கிறார். என்ன செய்ய?

பதில்: கொரியாவிலும் அச்சு அசலாக ஒரே உடுப்பு போடக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே 'சிமிலர் லுக்' என்று ஒன்று வந்தது, நிறமோ துணியோ ஒத்துப்போனால் போதும், மற்றது அவரவர் இஷ்டம். ஓணம் அதற்குத் தோதான நாள். உங்களுக்குக் கசவு செட்டு முண்டு (சரிகைக் கரை போட்டு, இரண்டு துண்டாக உடுத்தும் கேரளப் புடவை), அவருக்கு அதே அகலக் கரை போட்ட வேட்டி, உங்கள் ஜாக்கெட் நிறத்தில் அவருக்கு ஒரு சட்டை, அவ்வளவுதான். யாரும் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அன்றைக்குப் பாறசாலை பஸ்ஸில் பாதிப் பேர் அப்படித்தான் வருவார்கள். ஒரே ஒரு விஷயம், வெளுக்காத பருத்தியின் சந்தன நிறம் ஒவ்வொரு நூலுக்கும் கொஞ்சம் மாறும், அதனால் கைத்தறி வாங்கப் பாலராமபுரம் போனால் இரண்டையும் ஒரே கடையில், ஒரே நாளில், வெளிச்சத்தில் சேர்த்துவைத்துப் பார்த்து எடுங்கள். சரிகையையும் கேட்டு வாங்குங்கள். செம்புச் சரிகை நாளானால் கறுத்துவிடும், அப்புறம் ஒருவர் கரை பொன்னாகவும் மற்றவர் கரை கருப்பாகவும் நிற்கும்.

கேள்வி (வாசகர், செங்கோட்டை): ஜோடியே இல்லாதவன் என்ன உடுத்துவது?

பதில்: அதற்கும் அவர்களிடம் வழி இருக்கிறது. ஏப்ரல் 14 'பிளாக் டே'. காதலர் தினத்தில் ஒன்றும் கிடைக்காதவர்கள் சேர்ந்து உட்கார்ந்து கறுப்பு பீன்ஸ் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் சாப்பிடுவார்கள், சிலர் உடுப்பும் கறுப்பாகவே போடுவார்கள். நமக்கு அன்றைக்குச் சித்திரை விஷு. கறுப்புச் சட்டையோடு கனி காண வந்தால் பாட்டி கைநீட்டக் காசு தரமாட்டாள், நூடுல்ஸோடு நிறுத்திக்கொள்ளும்.