ரோமன் நான்கும் நான்கு ஒன்பதும்: சீரியம் பவுடர் வாங்குமுன்

கேள்வி: பினாங்கில் பிறை என்ற ஊரில் சின்னக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மேசைக் கண்ணாடி, மீன் தொட்டி, கார் முன்கண்ணாடி ஆகியவற்றில் விழுந்த கீறலைச் சீரியம் பவுடர் போட்டுத் தேய்த்துக் கொடுப்போம். பல வருடமாக வாங்கும் மூட்டையில் ‘சீரியா’ என்றுதான் இருக்கும், பவுடர் இளஞ்சிவப்பு. இப்போது ஒரு புதிய முகவர் வெள்ளைப் பவுடர் காட்டுகிறார். அதில் ‘சீரியம் ஆக்சைடு’ என்ற பெயருக்கு நடுவே ரோமன் எழுத்தில் நான்கு போட்டிருக்கிறது. “நான்கு என்றால் நான்கு ஒன்பது, 99.99 சதவீதம் சுத்தம். நீங்கள் வாங்குவது கலப்படம்” என்கிறார். விலையோ இரண்டு மடங்கு. மாறலாமா?

பதில்: மாற வேண்டாம் ஐயா. அந்த நான்குக்கும் சுத்தத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வீட்டில் எஸ்.பி.எம். வேதியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். துருவின் பெயரை எழுதும்போது இரும்புக்குப் பக்கத்தில் ரோமன் மூன்று போடுவார்கள். அதற்காகத் துரு மூன்றாம் தரம் ஆகிவிடுமா? ஆக்சிஜன் ஒன்றுக்கு இரண்டு கை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பவுடரில் ஒரு சீரியத்துக்கு இரண்டு ஆக்சிஜன். நான்கு கைகளைப் பிடிக்கச் சீரியம் நான்கு கை நீட்டுகிறது. பெயரில் இருக்கும் நான்கு அதுதான். சீரியா, சீரிக் ஆக்சைடு, சீரியம் டை ஆக்சைடு, ரோமன் நான்கு போட்ட சீரியம் ஆக்சைடு எல்லாம் ஒரே பொருள். மூன்று கை நீட்டும் சீரியம் ஆக்சைடும் உண்டு. ஆனால் அது காற்றுப் பட்டால் நான்குக்கு மாறிவிடும், யாரும் அதை மூட்டை கட்டி உங்கள் கடைக்கு அனுப்பப் போவதில்லை.

நிறத்துக்கு வருவோம். முகவர் உங்களைப் பயமுறுத்தியது இதை வைத்துத்தான். சுத்தமான சீரியம் ஆக்சைடு வெள்ளை, அல்லது வெளிர் மஞ்சள். உங்கள் பவுடரைச் சிவப்பாக்குவது பிரசியோடிமியம் என்ற பக்கத்து வீட்டுக்காரர். ஒரே தாதுவில் சேர்ந்தே கிடக்கும் இவர்களைப் பிரிப்பது பெரும்பாடு. இவருடைய ஆக்சைடு ஒரு விசித்திரம். சீரியமும் இவரும் ‘அருமண்’ என்ற உலோகக் குடும்பம். அருமண் ஆக்சைடுகளில் பெரும்பாலானவை இரண்டு உலோகத்துக்கு மூன்று ஆக்சிஜன் என்று ஒழுங்காக இருக்கும். சீரியம் ஒன்றுக்கு இரண்டு. பிரசியோடிமியமோ ஆறு உலோகத்துக்குப் பதினொரு ஆக்சிஜன்! கணக்குப் போட்டால் கை முழு எண்ணாக வராது. சில அணுக்கள் மூன்று கை, சில நான்கு கை என்று கலந்து நிற்கும். அதனால்தான் அதன் பெயரில் ரோமன் மூன்றும் நான்கும் சேர்ந்தே வரும். தனியாக இருந்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. சீரியத்தில் கொஞ்சம் கரைந்தால் இளஞ்சிவப்பு முதல் செங்கல் நிறம் வரை. இதைக் கலப்படம் என்று சொல்வது, நாட்டுச் சர்க்கரை பழுப்பாக இருப்பதால் கலப்படம் என்று சொல்வதைப் போல. கண்ணாடி தேய்க்க அந்தப் பவுடர் நன்றாகவே வேலை செய்யும். உங்கள் வேலைக்கு முக்கியம் துகளின் அளவு. ஒன்று முதல் மூன்று மைக்ரான் வரை (மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), பெரிய துகள் கலக்காமல் இருக்க வேண்டும். ஒரு பெரிய துகள் போதும், நீங்களே புதுக் கீறல் போட்டுக் கொடுப்பீர்கள்.

இனி உண்மையான பொறி. 99.99 என்று ஒரு தாள் காட்டுவார்கள். அதில் இரண்டு வரி இருக்கும். ஒன்று, மூட்டையில் அருமண் ஆக்சைடுகள் மொத்தம் எவ்வளவு என்பது, டி.ஆர்.இ.ஓ. என்று போட்டிருக்கும். மற்றது, அந்த மொத்தத்துக்குள் சீரியத்தின் பங்கு. 99.99 என்பது பெரும்பாலும் இரண்டாவது வரி. முதல் வரி 90 என்றால், பத்துக் கிலோ மூட்டையில் ஒன்பது கிலோதான் சரக்கு. மிச்சம் ஈரமோ வேறு தூளோ. இரண்டாவது வரியை மட்டும் விரல் வைத்துக் காட்டி, முதல் வரியைக் கட்டை விரலால் மறைக்கும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன்.

இதைத் தடுக்க வேண்டிய ஏற்பாடு எப்படி இருக்கிறது? இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்துறையில் நிரப்பும் கே1 பாரத்தில் சீரியம் சேர்மம் எல்லாவற்றுக்கும் 2846.10 என்று ஒரே தலைப்பு. ஆக்சைடா, கார்பனேட்டா, எவ்வளவு சுத்தம் என்பதை அந்த எண் சொல்லாது. பிஸ்கட் பாக்கெட்டில் கொழுப்பு எத்தனை கிராம் என்று அச்சடிக்கச் சொல்கிறோம்; ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொடுத்து வாங்கும் பவுடருக்குச் சீன எழுத்தில் அந்தத் தாளின் ஒரு மங்கலான நகல், அதையும் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

“அருமண் ஐயா, கிடைக்கவே கிடைக்காது” என்று விலை ஏற்றினாலும் நம்பாதீர்கள். பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறக்குறையச் செம்பு அளவுக்கு உண்டு. குவாந்தான் பக்கம் கெபேங்கில் ஆஸ்திரேலியத் தாதுவிலிருந்து இதே வகை உலோகங்களைப் பிரித்தெடுக்கும் ஆலையே ஓடுகிறது.

வெள்ளைப் பவுடரில் சந்தேகம் இருந்தால், ஒரு கரண்டி எடுத்து வினிகர் விடுங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்புக்கல் தூள், மார்பிள் தூள் போல ஏதோ கலந்திருக்கிறது. நுரைக்காவிட்டால் அந்தக் கலப்படம் இல்லை, அவ்வளவுதான். சுத்தம் என்று ஆகிவிடாது. எந்தப் பவுடரானாலும் தண்ணீர் விட்டே தேயுங்கள், மூட்டை பிரிக்கும்போது முகக்கவசம் போடுங்கள். இந்தத் தூசி வருடக்கணக்கில் நுரையீரலில் தங்கினால் நோய் வரும்.

முகவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: டி.ஆர்.இ.ஓ. எவ்வளவு, அதில் சீரியம் எவ்வளவு, துகள் எத்தனை மைக்ரான். பதிலை வாயால் சொல்ல வேண்டாம், பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். “நாளைக்குத் தருகிறேன்” என்று கிளம்பினால், பழைய வியாபாரிக்கே போன் போட்டு அடுத்த மூட்டையைச் சொல்லிவிடுங்கள்.