உபாகமம் 21:18-21: அந்தப் பையனுக்கு என்ன சொல்லலாம்?

வணக்கம் சகோதரி. ஞாயிறு வகுப்பில் “சொல் கேட்காத மகனைக் கல்லெறிந்து கொல்லச் சொன்னாரா கடவுள்?” என்று பையன் கேட்டதும் பதில் வராமல் நின்றதாக எழுதியிருந்தீர்கள். அவன் கேட்டது நல்ல கேள்வி. மழுப்ப வேண்டாம். பழைய ஏற்பாட்டு நூலான உபாகமத்தின் அந்தப் பகுதி, அடங்காத மகனைப் பெற்றோர் பிடித்து ஊர் மூப்பரிடம் கொண்டுபோக, ஊரார் அவனைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்கிறது.

இதே கேள்வி யூத ரபிகளையும் (மத போதகர்களையும்) உறுத்தியிருக்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், சன்ஹெத்ரின் என்ற பகுதியின் 8ஆம் அதிகாரம் பெரும்பாலும் இந்தத் துஷ்டப்பிள்ளையைப் பற்றியதுதான். அவர்கள் சட்டத்தை அழிக்கவில்லை, ஒவ்வொரு சொல்லையும் இறுக்கிப் பிடித்து, அதை நிறைவேற்றுவதே அரிதாகும்படி நிபந்தனைகள் வைத்தார்கள். ‘பிடித்து’ என்றால் பெற்றோருக்குக் கை ஊனம் இருக்கக் கூடாது. ‘கொண்டுபோய்’ என்றால் கால் ஊனம் கூடாது. அப்பா அம்மா இருவரும் சம்மதிக்க வேண்டும். ‘எங்கள் சொல்’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேயத்தில் ‘எங்கள் குரல்’ என்று ஒருமையில் இருக்கிறது. அதனால் இருவர் குரலும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று, மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் நூலான தல்மூத் வாதிடுகிறது! கடைசியில், அப்படியொரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை, படித்துப் பலன் பெறவே எழுதப்பட்டது என்கிறது. ரபி யோனத்தான் மட்டும், அப்படி ஒருவனைத் தான் கண்டதாகவும் அவன் கல்லறைமேல் உட்கார்ந்ததாகவும் சொல்லி, இதை மறுக்கிறார். அந்த மறுப்பையும் மறைக்காமல் பதிந்து வைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும்.

கிறிஸ்தவர்கள் போன வழி வேறு. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற கத்தோலிக்க இறையியலாளர், ஒழுக்கக் கட்டளை நிலைக்கும், இஸ்ரவேலின் நீதிமன்றச் சட்டங்கள் இன்று நம்மைக் கட்டாது என்று பிரித்தார்.

அப்புறம், 19ஆம் வசனத்தை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். தகப்பன் தானாகக் கொல்ல முடியாது, ஊர் மூப்பரிடம் போக வேண்டும். அடுத்த வாரம் லூக்கா 15இல், வீட்டை விட்டுப் போன இளைய மகனைத் தகப்பன் திரும்ப ஏற்றுக்கொள்ளும் கதையைச் சேர்த்து வாசியுங்கள்.