பங்காளிக்கும் அதே ஒய்

அன்புள்ள ஐயா,

வணக்கமுங்க. ஒரு கொலை வழக்குச் செய்தியை வைத்து எங்கள் ஊர் டீக்கடையில் பெரிய வாக்குவாதம். ஒரு சொட்டு ரத்தம் இருந்தால் போதும், டி.என்.ஏ. ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றார் ஒருவர். இன்னொருவர், எந்தக் கூட்டத்துக்காரன், அதாவது எந்தக் குலம் என்பதையே சொல்லிவிடுவார்கள் என்றார். அப்படியென்றால் ஒரு பங்காளி செய்த குற்றத்துக்கு இன்னொரு பங்காளி மாட்டிக்கொள்ள மாட்டானுங்களா?

ச., காங்கேயம்

அன்புள்ள ச.,

மாட்டிக்கொள்ளலாம். எந்தச் சோதனை செய்தார்கள் என்பதைப் பொறுத்தது.

வழக்கமான சோதனையில், டி.என்.ஏ.வில் சின்ன எழுத்துத் தொடர்கள் அடுத்தடுத்து வரும் இடங்களைப் பிடித்து, எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுவார்கள். டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர். அதில் 11ஆம் குரோமோசோமில் டிஎச்01 என்று ஓரிடம். அங்கே ஏஏடிஜி என்ற நான்கெழுத்து ஒருவருக்கு அம்மா வழியில் 6 முறையும் அப்பா வழியில் 9 முறையும் வரலாம். அந்த ஓரிடம் மட்டும் என்றால் ஊரில் பலருக்கு ஒத்துப்போகும். 20 இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கே ஒத்துப்போவது அரிதிலும் அரிது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் மட்டும் விதிவிலக்கு.

உங்கள் சந்தேகம் இடிப்பது, ஆண்களுக்கு மட்டுமே இருக்கும் ஒய் குரோமோசோமைப் பார்க்கும் சோதனையில்தான். பாலியல் வழக்குகளில் கிடைக்கும் மாதிரியில் பெண்ணின் செல்களே நிறைந்திருக்கும். அதில் ஆணின் சிறு தடயத்தை மட்டும் தனியாகப் பார்க்க ஒய் உதவுகிறது. ஆனால் அது அப்பனிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே போகிறது, மகளுக்குப் போவதில்லை. நாம் பங்காளி முறை பார்க்கும் அதே கோடு. மாமன் மச்சான் வேறு கூட்டம், அவர்களுக்கு ஒய்யும் வேறு வழியில் வந்தது. ஆனால் பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் மகன்கள் எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே எண்கள்தான் வரும். அதனால் 'ஒய் பொருந்துகிறது' என்று மட்டும் அறிக்கை வந்தால், அந்த வீட்டு மற்ற ஆண்களையும் பார்த்தீர்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்கிற வக்கீல் வேண்டும்.

கூட்டத்தின் பெயரை ஆய்வகம் சொல்லும் என்பது டீக்கடைக் கதை. ஒவ்வொரு இடத்திலும் தலைமுறைக்கு ஆயிரத்தில் இரண்டு மூன்று என்ற அளவில் எண் மாறும் வாய்ப்பு உண்டு. பல தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளிகளுக்குள்ளேயே வித்தியாசம் வந்திருக்கும். சுவீகாரம் போன பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்குக் கூட்டம் ஒன்றாகவும் ஒய் வேறாகவும் இருக்கலாம்.

ஆனால் 'பொருந்தவில்லை' என்ற முடிவு வந்தால், மாதிரி ஒழுங்காக இருக்கும்பட்சத்தில், அது கெட்டியானது. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ், டி.என்.ஏ.வை வைத்து ஆளை அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்தார். கொலை வழக்கில் முதலில் அது செய்த வேலையே ஒருவரை விடுவித்ததுதான். அந்தப் பகுதியில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். அதில் ஒரு கொலையைத் தானே செய்ததாக 17 வயதுப் பையன் ஒப்புக்கொண்டும்விட்டான். இரண்டு இடத்திலும் கிடைத்த தடயம் ஒரே ஆளுடையது, அது அவனுடையது இல்லை என்று சோதனை சொன்னது. பிறகு போலீஸ் ஆயிரக்கணக்கான ஆண்களிடம் ரத்தம் எடுத்தது. உண்மையான குற்றவாளியோ தனக்குப் பதிலாக உடன் வேலை பார்த்தவரை அனுப்பி ரத்தம் கொடுக்க வைத்திருந்தான்! அது வெளியே கசிந்து 1987இல் பிடிபட்டான்.

ஆக, எண்ணில் தப்பு நடப்பதைவிட ஆள் கையில் தப்பு நடப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ரத்தக்கறை பட்ட வேட்டியை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் உள்ளே கிருமி பெருகி டி.என்.ஏ. சிதைந்துவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். தேனி மாவட்டத்துச் சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்தது. மாதிரிகள் கைமாறிய விதத்தில் இருந்த குளறுபடியும் ஒரு காரணம். எடுத்த மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவேடு வைக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு உத்தரவிட்டது. இதைச் சொல்ல நமக்கு 2025 வரை ஆகியிருக்க வேண்டாம்.